மே ஃபா லுவாங்: தாய்லாந்தின் ராஜமாதா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்துக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் வடக்கே சியாங் ராய் பக்கம் போய்விட்டு வந்தால், அங்கே எங்கு திரும்பினாலும் தெரிகிற அந்தப் பாட்டியின் படத்தைப் பற்றி என்னிடம் கேட்காமல் ஊர் திரும்புவதில்லை. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாக எழுதியிருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் நேராக ஏழாவது, எட்டாவது கேள்விகளுக்குப் போகலாம். நான் மிகவும் சொல்ல விரும்புவது அங்கேதான் இருக்கிறது.

1. சியாங் ராய் ஏர்போர்ட்டுக்கே ‘மே ஃபா லுவாங்’னு பேர் வச்சிருக்காங்களே, யாரது? ஏதாவது அம்மன் பேரா?

அம்மன் இல்லை, மனுஷிதான். தாய்லாந்தை எழுபது ஆண்டுகள் ஆண்ட மன்னர் புமிபோலின் தாயார். அவரது முறையான பட்டப்பெயர் ஸ்ரீநகரிந்திரா. பெற்றோர் வைத்த பெயர் சங்வான். 1900 அக்டோபர் 21 அன்று பிறந்து, 1995 ஜூலை 18 அன்று தமது 94ஆவது வயதில் மறைந்தார்.

‘மே ஃபா லுவாங்’ என்பது வடக்கு மலைகளில் வாழும் மக்கள் அவருக்கு வைத்த பெயர். சாலையே இல்லாத ஊர்களுக்கு அவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கியதால், வானிலிருந்து வந்த ராஜமாதா என்று அழைத்தார்கள். இன்று விமான நிலையம் மட்டுமல்ல, ஒரு மாவட்டமும் 1998இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகமும் அந்தப் பெயரில் இருக்கின்றன.

2. அரச வம்சத்துல பிறந்தவங்கதானே? இல்லன்னா ராஜாவுக்கு அம்மா ஆக முடியுமா?

இல்லை. அப்பா ஒரு பொற்கொல்லர். பாங்காக்கில் ஓடும் சாவோ ப்ரயா ஆற்றுக்கு மேற்கே தொன்புரியில், அனோங்காராம் விகாரைக்குப் பக்கத்தில் எளிய வீடு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அந்தக் காலத்தில், அந்த நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு அது அபூர்வம். மகளுக்கு முதலில் எழுத்தைக் காட்டியதும் அவர்தான். பள்ளிப் பருவத்திலேயே சங்வான் இருவரையும் இழந்துவிட்டார்.

சிறுமியாக இருக்கும்போதே அரண்மனைக்கு அனுப்பப்பட்டு, ஓர் இளவரசியின் பராமரிப்பில் வளர்ந்தார். அரண்மனைக்குள் இருந்ததால் அரச குடும்பத்தவர் ஆகிவிட முடியாது, அண்டி வளர்ந்த பிள்ளைதான். பதின்மூன்று வயதில் சிரிராஜ் மருத்துவமனையை ஒட்டிய பேறுகாலச் செவிலியர் பள்ளியில் சேர்ந்தார். 1896இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. பிரசவம் பார்க்கவும் நோயாளியைக் கவனிக்கவும் கற்றுக்கொண்டு, சொந்தக் காலில் நிற்கிற தொழிலோடு வெளியே வந்தார்.

3. இளவரசரை எங்கே பார்த்தாங்க? லவ் மேரேஜா?

ஆமாம், காதல் திருமணம்தான். நன்றாகப் படித்த செவிலியர்களை மேல்படிப்புக்காக அமெரிக்கா அனுப்பும் உதவித்தொகை ஒன்று அப்போது இருந்தது. அதில் தேர்வாகி 1917இல் கப்பல் ஏறினார். மன்னர் சுலாலங்கோர்னின் மகனான இளவரசர் மஹிடோல் அப்போது அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருந்தார். பாஸ்டன் நகரில்தான் இருவரும் சந்தித்தார்கள்.

மஹிடோலின் தாயார் அரசி சவாங் வத்தனா சம்மதித்தார், மன்னர் வஜிராவுத் அனுமதி கொடுத்தார், 1920 செப்டம்பர் 10 அன்று பாங்காக்கின் ஸ்ரா பதும் அரண்மனையில் திருமணம் நடந்தது. கல்யாணம் ஆனதோடு படிப்பை மூட்டை கட்டிவிடவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணவரோடு மறுபடி அமெரிக்கா போய்த் தொடர்ந்து படித்தார். மூன்று பிள்ளைகளும் மூன்று நாட்டில் பிறந்தார்கள்: மகள் கல்யாணி லண்டனில், மகன் ஆனந்த மஹிடோல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், இளையவர் புமிபோல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில்.

4. அப்போ ஏன் அவங்களை ‘ராணி’னு சொல்றதில்லை? கைடு ஒருத்தர் ‘இளவரசித் தாய்’னு ஏதோ சொன்னார், ஒண்ணும் புரியலை.

ராணி என்பவர் மன்னரின் மனைவி. இவருடைய கணவர் மன்னர் ஆனதே இல்லை. ஆனால் பெற்ற பிள்ளைகளில் இரண்டு பேர் மன்னர் ஆனார்கள். அதனால்தான் ராணி என்ற பட்டம் இல்லாமல், மன்னரின் தாய் என்ற பட்டம். தமிழில் ராஜமாதா என்று சொன்னால் சரியாக வரும், இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன்.

சாதாரணக் குடும்பத்துப் பெண்ணின் பிள்ளைகளுக்கு எப்படி உயர்ந்த இளவரசர் பட்டம் வந்தது என்றும் சிலர் கேட்பார்கள். 1927இல் மன்னர் பிரஜாதிபோக் பிறப்பித்த ஆணை ஒன்று அந்தப் பட்டத்தைக் கொடுத்தது. 1935இல் அவர் முடி துறந்தபோது, வாரிசு வரிசையில் அடுத்து இருந்தது ஒன்பது வயது ஆனந்த மஹிடோல்.

5. புருஷன் சீக்கிரமே இறந்துட்டாராமே. அப்புறம் எப்படிச் சமாளிச்சாங்க?

மஹிடோல் 1928இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்று நாடு திரும்பினார். சியாங் மாயில் ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் சாதாரண டாக்டராக வேலையும் பார்த்தார். 1929 செப்டம்பரில் இறந்துபோனார். மூத்தவளுக்கு ஆறு வயது, நடுவானவனுக்கு அப்போதுதான் நான்கு முடிந்திருந்தது, கடைக்குட்டிக்கு இரண்டு கூட ஆகவில்லை. சங்வானுக்கு இருபத்தொன்பது நிறையவில்லை.

1933இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்குப் போனார். வாழ்ந்தது அடுக்குமாடி வீட்டில். பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குக் கொஞ்சம் காசுதான், ஆசைப்பட்டதைச் சேர்த்து வைத்துத்தான் வாங்க வேண்டும். வீட்டில் ‘ஏழைகள் டப்பா’ என்று ஒன்று இருந்தது. பிள்ளைகள் எதிலாவது காசு சம்பாதித்தால் பத்தில் ஒரு பங்கை அதில் போட வேண்டும். மாதக் கடைசியில் அந்தப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று நால்வரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். இதைத் தாய்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

6. மூத்த மகன் எப்படி இறந்தார்? கேட்டா யாரும் வாய் திறக்க மாட்டேங்கிறாங்களே?

1946 ஜூன் 9 காலையில், இருபது வயது மன்னர் ஆனந்த மஹிடோல் அரண்மனையில் தம் படுக்கையறையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். அரண்மனைப் பணியாளர்கள் மூவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி 1955இல் மரண தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நடந்தது என்ன என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. மன்னர் குடும்பத்தைப் பற்றிய பேச்சுக்குத் தாய்லாந்தில் கடுமையான சட்டம் உண்டு, அதனால் அங்கே யாரையும் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். அந்தத் தாயின் துக்கத்துக்கு என் தரப்பில் சேர்க்க எதுவும் இல்லை.

7. பெண்களுக்குன்னு தனியா என்ன செஞ்சாங்க? எல்லாருக்கும் பொதுவாத்தானே செஞ்சாங்க?

பொதுவாகவும் செய்தார், பெண்களுக்கென்றும் செய்தார். ஆனால் அவர் செய்ததில் தனியாகத் தெரிவது, பெண்ணின் கையில் ஏற்கெனவே இருக்கிற தொழிலுக்குக் கூலி வாங்கிக் கொடுத்ததுதான்.

அறுபதுகளில் எல்லைப்புற மலைக் கிராமங்களுக்குப் போய்வரத் தொடங்கியவர், ஆக்கா, லாகு, மொங், யாவ் இனப் பெண்கள் தங்கள் உடைகளில் செய்திருந்த பூவேலையைப் பார்த்தார். பாசி கோத்தும், துணி ஒட்டித் தைத்தும், குறுக்குத் தையல் போட்டும் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த உடைகள். பணம் வேண்டுமென்றால் அந்த வீடுகளில் வழி ஒன்றுதான், அபின் பயிர். அதிலும் விதைப்பது, களை எடுப்பது, காயைக் கீறிப் பால் எடுப்பது எல்லாவற்றிலும் பெண்களின் உழைப்பு இருந்தது. வந்த பணமோ பல வீடுகளில் புகையாகவே போனது.

1972இல் மலைவாழ் மக்களின் கைவினைப் பொருட்களுக்கென ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பெண்கள் தைத்ததை அந்த அறக்கட்டளை காசு கொடுத்து வாங்கிச் சந்தையில் விற்கும். அதுதான் 1985இல் மே ஃபா லுவாங் அறக்கட்டளை என்று பெயர் மாறியது. மலையேறி வந்து கம்பளியும் அரிசியும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அப்போதும் உண்டு. ‘இதற்கு என்ன விலை’ என்று கேட்டு வாங்கியதுதான் வேறு மாதிரி. தானே ஒரு தொழிலைக் கற்று அதனால் மேலே வந்தவர் (இரண்டாம் பதிலைப் பாருங்கள்) என்பதால் அவருக்கு அது தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன்.

8. டோய் துங்னு ஒரு மலை சொல்றாங்களே, அங்கே அப்படி என்ன விசேஷம்?

சியாங் ராய் மாகாணத்தில், மியான்மர் எல்லையை ஒட்டிய மலை. உச்சியில் புகழ்பெற்ற பழைய புத்த ஸ்தூபி. சுற்றிலும் ஆக்கா, லாகு, ஷான், லுவா, தாய் லூ மக்கள், சீன உள்நாட்டுப் போரில் தோற்று இறங்கி வந்த சீனர்கள் என ஆறு இனத்தவர். எண்பதுகளின் நடுவில் காடு அழிந்து, மண் வெளுத்து, அபின் வணிகமும் ஆயுதக் குழுக்களும் நடமாடும் இடமாக இருந்தது. அபின் பிரபு குன் சா 1982இல் தாய் ராணுவத்தால் விரட்டப்படும் வரை முகாம் போட்டிருந்த ஊர் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

87 வயதில் ராஜமாதா இந்த மலையைத் தமக்கு வீடாகத் தேர்ந்தெடுத்தார். மரம் நட்டால்தான் தங்குவேன் என்பது அவர் நிலைப்பாடு. 1988இல் டோய் துங் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. முப்பது ஆண்டுத் திட்டம் அது. மூத்தவர் ஒருவர் தம் காலத்துக்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட வேண்டிய வேலையைத் தொடங்கி வைக்கிறார், அதை யோசித்துப் பாருங்கள். முதலில் மருத்துவமும் அன்றாடத் தேவைகளும், அடுத்து வருமானம், கடைசியில் கல்வியும் வணிகமும் என்று அடுக்கினார்கள். அபினுக்கு அடிமையானவர்களுக்கு ஆயிரம் நாள் மறுவாழ்வு முகாம் நடந்தது. மரம் நட ஊர்க்காரர்களுக்கே தினக்கூலி கொடுத்தார்கள். நிழலில் காபியும் மகடாமியாக் கொட்டையும் வளர்ந்தன.

பெண்களுக்கு நெசவுக்கூடம் வந்தது. வயதான ஆக்கா அம்மாக்கள் தறியில் உட்கார்ந்தார்கள், இளம்பெண்கள் தையல் எந்திரத்துக்குப் போனார்கள். மல்பெரிப் பட்டையில் காகிதம் செய்யும் பட்டறை, மண்பாண்டப் பட்டறை, காபி வறுக்கும் இடம் என்று வேலைகள் பெருகின. அங்கே நெய்யும் கம்பளங்களும் துணிகளும் ‘டோய் துங்’ என்ற சொந்தப் பெயரிலேயே விற்கின்றன, பாங்காக்கின் நல்ல கடைகளில் உயர்ந்த விலையில் வைத்திருப்பார்கள். பரிதாபப்பட்டு வாங்குகிற பொருளாக அது ஆகிவிடக் கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பு. நான் பார்த்தவரை, பொருள் நன்றாக இருப்பதால்தான் வாங்குகிறார்கள்.

9. அந்தப் பக்கம் பெண் பிள்ளைகளை வித்தாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா, இல்ல சும்மா கதையா?

நிஜம். எண்பதுகளில் வடக்குத் தாய்லாந்தின் ஏழை ஊர்களிலிருந்து, முக்கியமாக எல்லையோரம், சிறுமிகளும் இளம்பெண்களும் தரகர்கள் மூலம் பாலியல் தொழிலுக்குப் போனார்கள். பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள், பெண் அந்தக் கடனை உழைத்துக் கழிக்க வேண்டும். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் வந்தபோது அதே ஊர்களில்தான் அடி பலமாக விழுந்தது. டோய் துங்கிலும் இந்தப் பழக்கம் இருந்ததைத் திட்டத்தை நடத்தியவர்களே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

தரகர் கொடுக்கும் முன்பணத்துக்கு மாற்று, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மாதாமாதம் வரும் சம்பளம். அதனால் நெசவுக்கூடத்தை வெறும் கைவினை விஷயமாகப் பார்க்காதீர்கள். ‘பெண்ணை அனுப்பாதே’ என்று அறிவுரை சொல்லிவிட்டு வருவது சுலபம். அனுப்பாமல் இருக்க அந்த வீட்டுக்கு ஒரு வழி வேண்டும்.

10. டாக்டர்களைக் கூட்டிட்டு மலைக்குப் போவாங்களாமே, அது வேற திட்டமா?

வேறு. 1969இல் தொடங்கிய தன்னார்வ மருத்துவக் குழு அது. டாக்டர், பல் மருத்துவர், செவிலியர், மருந்தாளர் எல்லோரும் விடுமுறை நாட்களில் சம்பளம் வாங்காமல் எட்டாத ஊர்களுக்குப் போவார்கள். ராஜமாதா உடன் போய் வரிசையைப் பார்ப்பார், நோயாளிகளிடம் பேசுவார். பல் வலியைச் சின்ன விஷயமாக நினைக்காமல் பல் மருத்துவத்தைக் குழுவில் முக்கியமாக வைத்தது எனக்குப் பிடித்த ஒன்று. டாக்டரைப் பார்க்க ஒரு நாள் நடக்க வேண்டிய ஊரில், பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்கு இந்தக் குழு என்னவாக இருந்திருக்கும் என்று பிரசவம் பார்க்கப் படித்த அவருக்கு விளக்கத் தேவையில்லை.

1992இல் செயற்கைக் கால் அறக்கட்டளையும் இப்படித்தான் வந்தது. கால் இழந்த ஏழைகளுக்கு இலவசமாகக் கால் செய்து பொருத்துகிறார்கள்.

11. மார்பகப் புற்றுநோய்க்கும் அவங்க பேர்ல ஏதோ இருக்கே?

தன்யரக் அறக்கட்டளை. தம் கடைசி ஆண்டுகளில், சொந்தப் பணம் கொடுத்துத் தொடங்கி வைத்தார். பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவமனையில், அதாவது அவர் சிறுமியாகச் செவிலியம் படித்த அதே வளாகத்தில், மார்பகப் பரிசோதனை மையம் இருக்கிறது. கட்டியை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது, பெண்கள் தாங்களே மாதம் ஒரு முறை மார்பைத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது ஆகியவைதான் முக்கிய வேலை. தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜமாதா, வெட்கத்தால் பெண்கள் வாய் திறக்காத ஒரு நோய்க்குத் தம் பெயரைக் கொடுத்தார். நம் வீட்டு அம்மாக்கள், அத்தைகள் எத்தனை பேர் கட்டியை மறைத்து வைத்து முற்றிய பிறகு சொன்னார்கள் என்று எண்ணினால் இதன் அருமை தெரியும்.

12. அக்டோபர் 21 அன்னைக்கு ஆஸ்பத்திரியில விழா மாதிரி நடக்குதே, ஏன்?

அவர் பிறந்த நாள். தாய்லாந்தில் அதுதான் தேசியச் செவிலியர் தினம், பல் சுகாதார தினமும் அன்றுதான். நூற்றாண்டான 2000இல் அவருக்கு யுனெஸ்கோ சிறப்புச் செய்தது. உலக அளவில் சிறந்த செவிலியர்களுக்கு அவர் பெயரில் ஒரு விருதும் கொடுக்கிறார்கள்.

13. எல்லாம் சரி, குறையே கிடையாதா? மலைவாசிங்க நிலம் போச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்களே?

கேட்க வேண்டிய கேள்வி. காடு திரும்ப வளர வேண்டுமென்றால் காட்டை எரித்து இடம் மாறி மாறிப் பயிர் செய்யும் பழைய முறை நிற்க வேண்டும், அபினும் போக வேண்டும். அதனால் தம் நிலத்தில் தாமே விதைத்தவர்கள் பலர் கூலிக்கும் சம்பளத்துக்கும் மாறினார்கள். மேலிருந்து வகுக்கப்பட்ட திட்டம், அரச குடும்பத்தின் செல்வாக்கு இருந்ததால் நடந்தது, எல்லா மலைக்கும் அது வாய்க்காது என்ற விமர்சனமும் நியாயமானது. வடக்கு மலைகளில் குடியுரிமைச் சான்று இல்லாமல் இன்னும் அல்லாடுகிறவர்கள் இருக்கிறார்கள். சான்று இல்லாத பெண்ணால் வெளியூரில் நல்ல வேலைக்குப் போவது கடினம். இதை ஓர் அறக்கட்டளையால் தீர்த்துவிட முடியாது, அரசுதான் தீர்க்க வேண்டும்.

ஆனாலும் நான் அவர் பக்கம்தான். ராணுவத்தை ஏவி அபினை வெட்டி எறிந்துவிட்டு மக்களைப் பட்டினி போட்ட நாடுகள் உண்டு. இங்கே முதலில் வருமானம் வந்தது. ஐ.நா.வின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகம் 2003இல் டோய் துங் பொருட்களில் தன் முத்திரையைப் பயன்படுத்த அனுமதித்ததற்கு அதுவே காரணம்.

14. அவங்க போய் இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் நடக்குதா? அரசாங்கக் காசுலயா ஓடுது?

நடக்கிறது. காபி, மகடாமியா, நெசவு, மண்பாண்டம், சுற்றுலா ஆகியவற்றில் வரும் வருமானத்தில், 2000களின் தொடக்கத்திலிருந்தே திட்டம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஏழாம் பதிலில் சொன்ன அறக்கட்டளைதான் நடத்துகிறது. இந்த முறையைக் கற்றுக்கொடுக்க மியான்மர், ஆப்கானிஸ்தான், இந்தோனேசியாவின் ஆச்சே போன்ற இடங்களிலும் அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள்.

15. நேரம் கொஞ்சம்தான் இருக்கு. எதைப் பார்க்கலாம்?

பாங்காக்கை விட்டு நகர முடியாதவர்கள் க்ளோங் சான் பகுதியில் உள்ள அவரது நினைவுப் பூங்காவுக்குப் போங்கள். அவர் சிறுமியாக வாழ்ந்த பகுதி அது. அந்தக் காலத்து வீட்டின் மாதிரியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பொற்கொல்லர் மகள் எவ்வளவு சின்ன இடத்திலிருந்து வந்தார் என்பது ஒரே பார்வையில் புரியும்.

சியாங் ராய் வரை போகிறவர்கள் டோய் துங்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அவர் வாழ்ந்த மர மாளிகைக்குள் அரைக்கால் சட்டையோடு விட மாட்டார்கள், முழங்காலை மறைக்கும் உடை வேண்டும். கீழே மே ஃபா லுவாங் தோட்டத்தின் நடுவில், ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்கும் பிள்ளைகளின் சிலையைப் பாருங்கள். வடித்தவர் மிசியம் யிப்பின்சோய் என்ற பெண் சிற்பி, ‘தொடர்ச்சி’ என்று பெயர் வைத்தவர் ராஜமாதா. பெரும்பாலானவர்கள் தோட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பட்டறைகளையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், வேலை நாளாக இருந்தால் தறியில் அம்மாக்கள் இருப்பார்கள். படம் எடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.